மைவிக்கு மாறின தம்பியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிள்ளானில் நம்ம கோயில் வாசலில் வாகன பூஜைக்கு ஆறு காடி நின்னுச்சு. கடைசியில் ஒரு வெள்ளை மைவி. புதுசு இல்லை, மூணு வருஷம் ஓடினது. அதிலிருந்து இறங்கின தம்பியை நம்ம கோயிலுக்கு வர்ற எல்லாருக்கும் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே வாசலில் சிவப்பு டொயோட்டா 86-ஐ நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு, பெரிய மாலை போட்டுப் பூஜை பண்ணிக்கிட்டுப் போனவர். இந்த முறை அவர் இறங்கினதும் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "என்ன தம்பி, இப்படி இறங்கிட்ட?" நாலஞ்சு பேர் சிரிச்சாங்க. தம்பியும் சிரிச்சார். ஆனா காதெல்லாம் சிவந்துபோனதை நாங்க பார்த்தோம்.

அந்தக் குரல் வெளியாள் குரல் இல்லை. எங்கள் தொண்டர் குழுவில் ஒருவர்தான். அதனால்தான் எழுதுகிறோம். தம்பியிடம் முதலில் அனுமதி கேட்டோம். "பேர் மட்டும் வேணாம் அண்ணே, மத்தது எல்லாம் எழுதுங்க, கணக்கையும் எழுதுங்க"ன்னு சொல்லிட்டார்.

முதலில் எங்க தப்பைச் சொல்லிடுறோம். நாலு வருஷத்துக்கு முன்னாடி அந்தச் சிவப்புக் காடி வந்தப்போ அதுக்குச் சந்தனம் பூசினதும் நாங்கதான், முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்ததும் நாங்கதான். பெரிய காடி வந்தா ஓடிப்போய் இடம் பிடிச்சுக் கொடுக்கிறோம். பழைய கஞ்சில் வந்தா "ஓரமா விடுங்க ஐயா"ன்னு கை காட்டுறோம். அர்ச்சனைச் சீட்டு ரெண்டு பேருக்கும் ஒரே விலைதான். பூசணிக்காயும் தேங்காயும் ஒரே மாதிரிதான் உடையுது. மாறுவது எங்க முகம் மட்டும்தான். இதைக் குருக்கள் ஐயா ரெண்டு தடவை எங்களுக்குச் சொல்லியிருக்கார். கேட்ட மாதிரி தலையாட்டிட்டு மறந்துட்டோம்.

இப்போ தம்பியின் அம்மாவைப் பற்றி. அவங்களையும் உங்களுக்குத் தெரியும். செவ்வாய், வெள்ளி தவறாமல் வந்து மாவிளக்கு போடுறவங்க. ரெண்டு வருஷமா அவங்களுக்குச் சிறுநீரக சுத்திகரிப்பு நடக்குது. வாரத்துக்கு மூணு நாள், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். அது போதாதுன்னு முட்டி வலி வேற. 86 எவ்வளவு தாழ்வான காடின்னு அதில் ஏறினவங்களுக்குத் தெரியும். சீட்டில் உட்கார்றது இல்லை, உள்ளே விழுறதுதான். எழுந்திருக்கணும்னா கதவைப் பிடிச்சு, காலை வெளியே போட்டு, இடுப்பைத் தூக்கணும். இருபத்தஞ்சு வயசுப் பையனுக்கு அது விளையாட்டு. சுத்திகரிப்பு முடிஞ்சு உடம்பெல்லாம் தளர்ந்து வர்ற அறுபத்தஞ்சு வயசு அம்மாவுக்கு? பின்சீட்டைப் பற்றிப் பேசவே வேணாம். அங்கே பைதான் வைக்கலாம்.

அதனால என்ன ஆச்சுன்னா, வீட்டு வாசலில் மகனுடைய காடி நிக்கும், அம்மா கிராப் பிடிச்சுத் தனியா சுத்திகரிப்பு மையத்துக்குப் போவாங்க. போகவும் வரவும் காசு. அவங்க ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "பையன் ஆசைப்பட்டு வாங்கினது, பாவம்"னுதான் எங்ககிட்டயும் சொல்லுவாங்க. போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஒரு நாள் மகன்தான் கோயிலுக்குக் கூட்டிட்டு வந்தார். வாசலில் இறங்கும்போது முட்டி மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துட்டாங்க. எங்களில் ரெண்டு பேர் ஓடிப்போய்த் தூக்கினோம். அடி ஒண்ணும் இல்லை. ஆனா தம்பி அன்னைக்குச் சாமி கும்பிடாம தூணுக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்னுக்கிட்டே இருந்தார்.

காடியை விக்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டாராம். விக்க எட்டு மாசம் ஆச்சு. ஏன் அவ்வளவு நாள்னு புரியணும்னா கணக்கைப் பார்க்கணும். இளைஞர்கள் இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீங்க.

கடன் 100,000 வெள்ளி. ஒன்பது வருஷம். வட்டி 3 விழுக்காடுன்னு வெச்சுக்குவோம், தம்பியுடைய கணக்கும் ஏறக்குறைய இதுதான். கேட்க ரொம்பக் குறைவான வட்டி மாதிரி இருக்கும். ஆனா இது குறையுற பாக்கிக்குப் போடுற வட்டி இல்லை. முழு ஒரு லட்சத்துக்கும் ஒன்பது வருஷமும் போடுற வட்டி. வருஷத்துக்கு 3,000, ஒன்பது வருஷத்துக்கு 27,000. மொத்தம் 127,000-ஐ 108 மாசமா பிரிச்சா மாசம் 1,176 வெள்ளி.

நாலு வருஷம் ஒரு மாசம்கூட விடாம கட்டினார். கட்டின தொகை சுமார் 56,400 வெள்ளி. சரி, பாதிக்கு மேல முடிஞ்சிருக்கும்னு நினைச்சுத்தான் வங்கிக்குப் போனார். இன்னும் சுமார் 62,000 பாக்கின்னு சொன்னாங்க. அவருக்குத் தலை சுத்திடுச்சு. யாரும் ஏமாத்தலை. தம்பி கடன் எடுத்தப்போ காடிக் கடனில் ரொம்ப காலமா இருந்த 78 விதின்னு ஒரு கணக்கு. முதல் வருஷங்களில் நாம கட்டுறதில் வட்டிப் பங்கு அதிகம், அசல் பங்கு குறைவு. கடைசி வருஷங்களில்தான் அது மாறும். அதாவது 56,400 கட்டியும் அசலில் குறைஞ்சது 38,000 மட்டும். நடுவில் முடிச்சுக்கிறவங்களுக்கு வட்டித் தள்ளுபடி உண்டு, ஆனா நாம மனசில் போட்டு வெச்சிருக்கிற அளவுக்கு இல்லை. கையெழுத்துப் போடும்போது இதை யார் படிக்கிறா? நாங்களும் படிச்சதில்லை. எங்கள் குழுவில் பதினோரு பேர். தம்பி சொன்னதுக்கு அப்புறம்தான் நாங்க எங்க சொந்தக் கடன் தாள்களை எடுத்துப் பார்த்தோம். ரெண்டு பேர் அன்னைக்கு ராத்திரி தூங்கலை.

இன்னொரு பக்கம், காடியின் விலை. பழைய காடி வியாபாரிகள் அஞ்சு பேர்கிட்ட காட்டினார். ஸ்போர்ட்ஸ் காடிக்கு ஆசைப்படுறவன் நிறைய, வாங்குறவன் கொஞ்சம். நாளாக நாளாக விலையைக் குறைச்சுக் கேட்டாங்க. கடைசியில் 57,000-க்கு ஒருத்தர் ஒத்துக்கிட்டார். ஆக, காடியையும் கொடுத்துட்டு, கையிலிருந்து 5,000 வெள்ளியும் போட்டாத்தான் கடன் முடியும். நாங்க நாலு பேர் சேர்ந்து தர்றோம்னோம். வாங்கலை. வீட்டம்மா சீட்டுப் பணம் எடுத்துக் கொடுத்தாங்க.

அந்தப் பொண்ணு கல்யாணமாகி வரும்போதே இந்தக் காடிக் கடனும் கூட இருந்தது என்பதையும் சொல்லணும். ரெண்டு வருஷமா ஒரு நகை வாங்கினதில்லை.

இப்போ வாங்கின மைவிக்குக் கடன் 30,000. அஞ்சு வருஷம்தான், மாசம் 600-க்குள்ளே. அவர் பிடிவாதமா ஒன்பது வருஷம் வேணாம்னு சொல்லிட்டார். சாலை வரி 2.0 லிட்டர் காடிக்கு வருஷம் 379 வெள்ளி கட்டினவர், 1.3 லிட்டர் மைவிக்கு 70 வெள்ளி கட்டுறார். காப்பீட்டில் இத்தனை வருஷம் சேர்த்த இழப்பீடு கோராத தள்ளுபடியைப் புதுக் காடிக்கு மாத்திக்கிட்டார். அது காடிக்கு உரியது இல்லை, காப்பீடு எடுத்த நமக்கு உரியது. நிறைய பேருக்கு இது தெரியாம விட்டுடுறாங்க. எண்ணெய்க்கு முன்னாடி ரோன் 97 ஊத்தி மாசம் 600 வெள்ளிக்கு மேல. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குத் தினமும் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் போய் வர்றவர் அவர். இப்போ ரோன் 95, பூடி மானிய விலையில் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. பழைய செலவில் பாதிகூட வரலைன்னு சொல்றார். எல்லாம் சேர்த்து மாசம் ஆயிரம் வெள்ளி கிட்ட மிச்சம்.

மைவி வாங்கினதும் வேகம் குறைஞ்சுதான்னு மட்டும் கேட்காதீங்க. நம்ம நாட்டு நெடுஞ்சாலையில் மைவிக்காரர்களைப் பற்றி இருக்கிற பேரு எல்லாருக்கும் தெரியும்.

சரி. இதுக்கு மறுபேச்சும் இருக்கு. குழுவில் இதை எழுதப்போறோம்னு சொன்னதும் ஒரு அண்ணன் கோபப்பட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கு, அதனால அதையும் வைக்கிறோம். "நம்ம தாத்தா தோட்டத்தில் பால் மரம் வெட்டினவர், சைக்கிள்ல போனார். அப்பா கப்சாய் மோட்டார். நம்ம பையன் ஒருத்தன் படிச்சு, வேலைக்குப் போய், நல்ல காடி ஓட்டினா உங்களுக்கு ஏன் கண்ணு உறுத்துது? அவன் யார் காசையும் எடுக்கலையே?"

உறுத்தலை அண்ணே. நாங்களும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள்தான். 1985-இல் புரோட்டோன் சாகா வந்தப்போ, எங்கள் குழுவில் மூத்தவரின் தோட்டத்தில் கிராணியார் ஒருத்தர்தான் அதை வாங்கினாராம். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தாங்களாம். 1994-இல் கஞ்சில் வந்த பிறகுதான் நம்ம ஆட்களில் பல குடும்பம் நாலு சக்கரம் ஏறியது. 850-க்குக் குறைவான இன்ஜின், உள்ளே அப்பா, அம்மா, நாலு பிள்ளைகள், மடியில் பாட்டி, டிக்கியில் பால்குடம். பத்துமலைக்கு அப்படித்தான் போனோம். 2005-இல் மைவி வந்தது. அப்போ அது நமக்குப் பெரிய காடி! மைவி வாங்கின வீட்டில் கிடா வெட்டி விருந்து வெச்சதை நாங்க பார்த்திருக்கோம். அதே மைவி இருபது வருஷத்தில் 'இறங்கிட்ட'ன்னு சொல்ற காடியா ஆயிடுச்சு. மாறினது மைவி இல்லையே.

காடி நமக்கு வெறும் வண்டி இல்லை, மரியாதை. பெண் பார்க்கப் போனா "மாப்பிள்ளை என்ன காடி வெச்சிருக்கார்"னு கேட்கிறாங்க. அப்படிக் கேட்கிற நாமதான் இருபத்தஞ்சு வயசுப் பையனை ஒன்பது வருஷக் கடனில் தள்ளுறோம். அந்தப் பையன் மேல மட்டும் பழி போடுறதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை.

ஆசையும் தப்பில்லை. எங்களோட ஒரு அண்ணன் பழைய புரோட்டோன் சாத்ரியா ஜிடிஐ வெச்சிருக்கார். 1.8 லிட்டர், லோட்டஸ் காரன் கை வெச்ச காடின்னு சொல்லிச் சொல்லியே எங்க காதைத் தேய்ச்சுட்டார். ஞாயிறுதோறும் கழுவுவார், துடைப்பார், மழை வந்தா வெளியே எடுக்க மாட்டார். கடன் எப்போதோ முடிஞ்சது. வீட்டுக்குத் தனியா ஒரு காடி இருக்கு. அவர் சந்தோஷத்தில் நாங்க ஏன் மண்ணைப் போடணும்? தைப்பூசத்துக்கு அந்தக் காடியில் எங்களை ஏத்த மாட்டேங்கிறார் என்பது மட்டும்தான் எங்க குறை.

எங்க வருத்தம் வேற இடத்தில். வீட்டில் இருக்கிற ஒரே காடி, வீட்டில் இருக்கிறவங்களையே ஏத்த முடியாத காடியா இருக்கிறது. அதைவிடப் பெரியது, ஜாமீன் கையெழுத்து. நம்ம கோயிலுக்கு வர்ற அம்மாக்களில் எத்தனை பேர் மகனுடைய காடிக் கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கீங்க என்று நாங்க கேட்கப்போறதில்லை. ஆனா போன வருஷம் ஒரு அக்கா அழுதுகிட்டே வந்தாங்க. மகன் ரெண்டு மாசம் கட்டலை, அப்புறம் கடிதம் வந்தது, அப்புறம் காடியை இழுத்துட்டுப் போயிட்டாங்க. அதோட முடியலை. ஏலத்தில் போன விலைக்கும் பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டு அக்கா பேருக்குக் கடிதம் வந்தது. அவங்க அந்தக் காடியில் மொத்தமா மூணு தடவைதான் ஏறியிருப்பாங்க.

அதனால தெரிஞ்சுக்கோங்க. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, ரெண்டு மாசம் தொடர்ந்து தவறினாத்தான் காடியை எடுக்கும் நடவடிக்கையில் இறங்க முடியும். அதுக்கு முன்னாடி 21 நாள் அவகாசம் கொடுத்து எழுத்து மூலமா நோட்டீஸ் அனுப்பணும். முக்கால்வாசி, அதாவது 75 விழுக்காடு கட்டி முடிச்சிருந்தா நீதிமன்ற உத்தரவு இல்லாம எடுக்கக் கூடாது. கடிதம் வந்தா அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வைக்காதீங்க. (சிரிக்காதீங்க, அந்த அக்கா அதைத்தான் செஞ்சாங்க.) பிரிச்சுப் படிங்க, படிக்கத் தெரியலைன்னா எங்ககிட்ட கொண்டு வாங்க. கட்ட முடியாத நிலைமைன்னா ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கு. பேங்க் நெகாரா 2006-இல் ஆரம்பிச்சது. ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டாங்க. முகநூலில் வர்ற "கடன் தீர்த்துத் தருகிறோம்" விளம்பரங்களுக்குப் போகாதீங்க.

தம்பி விஷயத்துக்கு வர்றோம். அவர் செஞ்சதை 'இறங்கிட்டார்'னு சொல்றது எங்களுக்குப் பிடிக்கலை. மாசம் 1,176 கட்ட முடியாம அவர் விக்கலை. கட்டிக்கிட்டுத்தான் இருந்தார், இன்னும் அஞ்சு வருஷம் கட்டியும் இருப்பார். நஷ்டம்னு தெரிஞ்சே, கையிலிருந்து அஞ்சாயிரம் போட்டு வித்தார். நண்பர்கள் கிண்டல் பண்ணுவாங்கன்னும் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிஞ்சு ஒரு கூட்டம் சேரும், எல்லாம் காடிப் பைத்தியங்கள். அந்தக் கூட்டத்துக்கு இப்போ போறதில்லையாம். "போகலாம்ணே, ஆனா நிறுத்த இடம் கேட்கும்போது ஒரு மாதிரி பார்ப்பாங்க"ன்னார். அது ஒரு இருபத்தொன்பது வயசுப் பையனுக்குச் சின்ன விஷயம் இல்லை. நண்பர்கள் பார்வையைத் தாங்கிக்கிட்டு வந்தவருக்குக் கோயில் வாசலிலும் அதே பார்வைன்னா, அவர் எங்கேதான் போவார்?

வாகன பூஜை எதுக்குன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. ஏறுறவங்க பத்திரமா போய்ப் பத்திரமா திரும்பணும்னுதானே எலுமிச்சம்பழத்தை நசுக்குறோம்? காடியின் விலையைச் சாமிக்குக் காட்டுறதுக்கு இல்லையே. போன வெள்ளிக்கிழமை அந்த ஆறு காடிகளில், ஏறப்போறது யாருன்னு சாமிகிட்ட சொல்லி வேண்டிக்கிட்டது அந்தத் தம்பி ஒருத்தர்தான். அம்மா பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லித்தான் சங்கல்பம் பண்ணச் சொன்னார். குருக்கள் ஐயா அன்னைக்கு அந்த மைவிக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கிட்டார். எங்களுக்கும் அது காட்டுறதுக்காகத்தான்னு நினைக்கிறோம்.

கிண்டல் பண்ணினவர் மறுநாள் தம்பி வீட்டுக்குப் போய்ட்டு வந்தார். என்ன பேசினாங்கன்னு நாங்க கேட்கலை. வரும்போது அந்த அம்மா கொடுத்து அனுப்பின முறுக்கு டின்னோட வந்தார், எங்களுக்கு ரெண்டு ரெண்டுதான் கொடுத்தார்.

குழுவில் ஒரு முடிவும் எடுத்திருக்கோம். இனி வாகன பூஜைக்கு வரிசை, வந்த நேரப்படிதான். பெரிய காடிக்கு முன்னிடம் கிடையாது. வயசானவங்களையும் உடம்பு முடியாதவங்களையும் கூட்டிட்டு வர்ற காடிக்கு மட்டும், அது எந்தக் காடியா இருந்தாலும், வாசல் படிக்கட்டுக்கு நேரா இடம் விடுவோம். நாங்க மறந்தா அங்கேயே கேளுங்க, வெக்கப்பட வேணாம்.

கடைசியா ஒரு தகவல். வரும் சனிக்கிழமை அன்னதானத்துக்கு ரெண்டு அண்டாவும் வாழையிலைக் கட்டும் தம்பியின் மைவியில்தான் வருது. பின்சீட்டை மடக்கினா ரெண்டு அண்டாவும் உட்காருதுன்னு போன வாரமே வெச்சுப் பார்த்துட்டோம். விடியற்காலை அஞ்சரைக்கு இறக்கி வைக்க நாலு பேர் வேணும். ஏழு மணிக்குள்ளே காடியைக் காலி பண்ணிக் கொடுத்துடணும், அவர் அம்மாவைச் சுத்திகரிப்புக்குக் கூட்டிட்டுப் போகணும். வர முடிஞ்சவங்க கீழே பேர் போடுங்க.